கியூப்டு ஸ்பியர் கட்டம்: ஆறு டைல்களைச் சரியாக இணைப்பது எப்படி?

வானிலை மாடல் எதையாவது முதல்முறையாகத் தொடுகிறீர்கள், அது கியூப்டு ஸ்பியர் கட்டத்தில் ஓடுகிறது என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஒரு கனசதுரத்தை ஊதிக் கோளமாக்கி, அதன் ஆறு முகங்களால் பூமியை மூடும் கட்டம் அது. அதனால் பூமி ஒரே கோப்பில் இருக்காது. ஆறு கோப்புகளில் ஆறு சதுரங்களாக இருக்கும். ஒவ்வொரு சதுரத்துக்கும் நான்கு பக்கம், நான்கு பக்கத்திலும் ஒரு அண்டை வீடு. இதில் என்ன கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன்.

அமெரிக்காவின் ஜிஎஃப்டிஎல் ஆய்வகத்தில் உருவான எஃப்வி3 மாடலின் கட்டத்தை எடுத்து, அதன் மேல் ஒரு சின்னப் புகைப் பரவல் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் போயிற்று. கடைசியில் கண்டுபிடித்த பிழை ஒரே ஒரு கழித்தல் கணக்கு. எந்த டைலுக்குப் பக்கத்தில் எந்த டைல் என்று சரியாக எழுதியிருந்தேன். எந்த முனையோடு எந்த முனை சேர்கிறது என்பதைத்தான் விட்டுவிட்டேன். சட்டைக் கையைத் திருப்பி வைத்துத் தைத்த மாதிரி. அந்த மூன்று வாரம் உங்களுக்கு மிச்சமாக வேண்டும்.

1. "டைல்" என்றால் எது என்று முதலில் கேளுங்கள்

எஃப்வி3 உலகில் டைல் என்பது கனசதுரத்தின் ஒரு முழு முகம். மொத்தம் ஆறு. கடல் மாடலான எம்ஐடி ஜிசிஎம்மில் முழு முகத்துக்குப் பெயர் ஃபேசெட். அதை வெட்டிப் பிரித்த துண்டுதான் அங்கே டைல். அந்த மாடலோடு வரும் 32×32 கடல் உதாரணத்தில் ஒவ்வொரு முகமும் 32×16 அளவில் இரண்டாக வெட்டப்பட்டிருக்கிறது, ஆகவே டைல்கள் 12. இரண்டு மாடல்காரர்கள் பேசும்போது "டைல் 7" என்று ஒருவர் சொன்னால் குழப்பம் அங்கேயே ஆரம்பிக்கிறது. இந்தக் கட்டுரையில் டைல் என்றால் முழு முகம்.

2. கையில் இருக்கவேண்டிய கோப்புகள்

எஃப்வி3-க்கு ஏழு கோப்புகள் வேண்டும். ஆறு கட்டக் கோப்புகள், ஒரு மொசைக் கோப்பு. எல்லாம் நெட்சிடிஎஃப் என்ற அறிவியல் தரவுக் கோப்பு வடிவம். கட்டக் கோப்பில் அந்த டைலின் அட்சரேகை, தீர்க்கரேகை, விளிம்பு நீளம், பரப்பு எல்லாம் இருக்கும். மொசைக் கோப்பில் ஆறு டைல்களின் பெயர்களும், அவை தொட்டுக்கொள்ளும் 12 விளிம்புகளின் விவரமும் இருக்கும்.

யாரிடமாவது கட்டத்தை வாங்குகிறீர்கள் என்றால் ஏழையும் சேர்த்து வாங்குங்கள். மொசைக் கோப்புக்குள் கட்டக் கோப்புகளின் பெயர்கள் எழுத்தாகவே பதிந்திருக்கும். நீங்கள் கோப்பின் பெயரை அழகாக மாற்றிவைத்தால் மாடல் பழைய பெயரைத்தான் தேடும், கிடைக்காமல் நிற்கும்.

3. கட்டத்தை நீங்களே உருவாக்குவது: கட்டளை, நேரம், செலவு

கருவிகள் இலவசம். ஜிஎஃப்டிஎல் வெளியிட்டுள்ள எஃப்ஆர்ஈ என்சிடூல்ஸ் தொகுப்பைக் கிட்ஹப்பில் இருந்து எடுத்துக் கம்பைல் செய்யவேண்டும். நெட்சிடிஎஃப் நூலகம் முன்பே இருந்தால் அரை நாளில் முடியும். உங்கள் கிளஸ்டரில் அது எந்த மாட்யூலில் இருக்கிறது என்று முதலிலேயே நிர்வாகியிடம் கேட்டுவிடுங்கள். எனக்கு அதிக நேரம் பிடித்தது அதுதான்.

இரண்டே கட்டளைகள். மேக் எச்கிரிட் ஆறு கட்டக் கோப்புகளைச் செய்யும், மேக் சோலோ மொசைக் அவற்றை இணைக்கும். பன்னிரண்டு தொடர்புகளையும் இந்த இரண்டாவது கட்டளையே கண்டுபிடித்து எழுதிவிடும், கையால் எழுதவேண்டாம்.

புதியவர்கள் வழுக்கி விழும் முதல் இடம் இங்கேதான் இருக்கிறது. சி48 கட்டம் என்றால் ஒரு பக்கத்துக்கு 48 செல். ஆனால் மேக் எச்கிரிட்டிடம் 96 என்று சொல்லவேண்டும். கட்டக் கோப்பில் இருப்பது சூப்பர்கிரிட், அதாவது மாடல் செல்லை நெடுக்கிலும் குறுக்கிலும் பாதியாக வெட்டிய நுண்கட்டம். 48 என்று கொடுத்தால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சி24 கிடைக்கும்.

செல்களின் எண்ணிக்கை 6 × பக்கம் × பக்கம். சி48-க்கு 13,824, சி96-க்கு 55,296, சி768-க்கு 35,38,944. சி48 செல் சுமார் 200 கிலோமீட்டர், சி96 சுமார் 100, சி768 சுமார் 13. சி48 கட்டக் கோப்புகள் ஆறும் சேர்த்து மூன்று எம்பி அளவுதான், சி768 முக்கால் ஜிபியைத் தொடும். மாடலை ஓட்டும் செலவு இதைவிட வேகமாக ஏறும். ஒரு படி நுணுக்கினால் செல்கள் நான்கு மடங்கு, காலப்படி பாதியாகும், ஆக மொத்தம் எட்டு மடங்கு. அதனால் இணைப்புச் சோதனை எல்லாவற்றையும் சி48-இலேயே முடியுங்கள். சி48-இல் சரியாக இருக்கும் இணைப்பு சி768-இலும் சரியாகவே இருக்கும்.

4. அட்டைப்பெட்டியில் எழுதுங்கள்

இதைத் தவிர்க்காதீர்கள். நான் ஒரு மிட்டாய்ப் பெட்டியை எடுத்து வெட்டி, சதுரமாக்கி, மார்க்கரால் எண் எழுதினேன். பத்து நிமிட வேலை. முதல் வாரமே செய்திருக்கவேண்டும்.

விரித்து வைக்கும்போது சிலுவை வடிவில் விரிக்கவேண்டாம், படிக்கட்டாக விரியுங்கள். டைல் 1, அதன் வலப்பக்கம் 2. இரண்டின் தலைக்கு மேல் 3, அதன் வலப்பக்கம் 4. நான்கின் மேல் 5, அதன் வலப்பக்கம் 6. ஒவ்வொரு சதுரத்திலும் கீழ் இடது மூலையில் ஒரு புள்ளி வைத்து, வலப்புறம் போகும் அம்புக்கு "ஐ" என்றும், மேலே போகும் அம்புக்கு "ஜே" என்றும் எழுதுங்கள். இப்படி வைத்தால் ஆறு சதுரத்திலும் அம்புகள் ஒரே திசையில் நிற்கும். இப்போது பெட்டியாக மடியுங்கள். படிக்கட்டில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஐந்து விளிம்புகளும் நேர் இணைப்புகள். ஆறாம் டைலின் மேல்பக்கம் ஒன்றாம் டைலின் கீழ்ப்பக்கத்தோடு வந்து சேரும், அதுவும் நேர்தான். மீதி ஆறு விளிம்புகளில் அம்பு 90 பாகை திரும்பும், எண்களும் தலைகீழாகும். தொல்லை முழுவதும் அந்த ஆறில்தான்.

5. பக்கத்து டைல் பட்டியல்

வடக்கு, தெற்கு என்று இங்கே சொல்வது சதுரத்தின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம் மட்டுமே. பூமியின் திசை அல்ல.

டைல் 1: வடக்கே 3-இன் மேற்கு, தெற்கே 6-இன் வடக்கு, கிழக்கே 2-இன் மேற்கு, மேற்கே 5-இன் வடக்கு
டைல் 2: வடக்கே 3-இன் தெற்கு, தெற்கே 6-இன் கிழக்கு, கிழக்கே 4-இன் தெற்கு, மேற்கே 1-இன் கிழக்கு
டைல் 3: வடக்கே 5-இன் மேற்கு, தெற்கே 2-இன் வடக்கு, கிழக்கே 4-இன் மேற்கு, மேற்கே 1-இன் வடக்கு
டைல் 4: வடக்கே 5-இன் தெற்கு, தெற்கே 2-இன் கிழக்கு, கிழக்கே 6-இன் தெற்கு, மேற்கே 3-இன் கிழக்கு
டைல் 5: வடக்கே 1-இன் மேற்கு, தெற்கே 4-இன் வடக்கு, கிழக்கே 6-இன் மேற்கு, மேற்கே 3-இன் வடக்கு
டைல் 6: வடக்கே 1-இன் தெற்கு, தெற்கே 4-இன் கிழக்கு, கிழக்கே 2-இன் தெற்கு, மேற்கே 5-இன் கிழக்கு

மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒற்றைப்படை டைலுக்குக் கிழக்கே அடுத்த எண், வடக்கே அதற்கும் அடுத்த எண். இரட்டைப்படை டைலுக்கு வடக்கே அடுத்த எண், கிழக்கே அதற்கும் அடுத்த எண். ஆறைத் தாண்டினால் ஒன்றுக்கு வாருங்கள். ஒரு எண் தள்ளியிருந்தால் நேர் இணைப்பு, இரண்டு எண் தள்ளியிருந்தால் திரும்பிய இணைப்பு. மூன்று எண் தள்ளியிருப்பது பூமியின் எதிர்ப்பக்கம், அதோடு தொடர்பே இல்லை.

பூமியில் இவை எங்கே இருக்கின்றன? எஃப்வி3-இன் வழக்கமான கட்டத்தை மேற்கே 10 பாகை நகர்த்தி வைத்திருக்கிறார்கள். அதனால் டைல் 1-இன் நடு மேற்கு 10 பாகையில் விழுகிறது, டைல் 2-இன் நடு கிழக்கு 80 பாகையில், நிலநடுக்கோட்டின் மேல். இலங்கைக்கு நேர் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். டைல் 3 வடதுருவம், டைல் 6 தென்துருவம், 4-உம் 5-உம் பசிபிக்கும் அமெரிக்கப் பக்கமும். நாமெல்லாம் டைல் 2-இல் இருக்கிறோம். டைல் 1, 2 இரண்டிலும் ஐ கிழக்கே போகும், ஜே வடக்கே போகும், எல்லாம் இயல்பாகத் தெரியும். அதை நம்பி 4-க்குப் போனால் ஏமாந்துபோவீர்கள். 4-இலும் 5-இலும் ஐ ஏறினால் தெற்கே போகிறோம், ஜே ஏறினால் கிழக்கே போகிறோம். அங்கே சதுரத்தின் "மேற்கு" விளிம்புதான் உண்மையான வடக்கு.

6. மொசைக் கோப்பின் வரிகளை வாசிப்பது

சி48 மொசைக் கோப்பில் முதல் தொடர்பு இப்படி இருக்கும்:

96:96,1:96::1:1,1:96

நடுவில் இருக்கும் "::" குறிக்கு இடப்பக்கம் டைல் 1, வலப்பக்கம் டைல் 2. டைல் 1-இல் ஐ 96-இலேயே நிற்கிறது, ஜே 1-இலிருந்து 96 வரை போகிறது. டைல் 2-இல் ஐ 1-இல் நிற்கிறது, ஜே 1-இலிருந்து 96 வரை. நேர் இணைப்பு. இரண்டாவது வரி டைல் 1-க்கும் 3-க்கும்:

1:96,96:96::1:1,96:1

கடைசியில் இருக்கும் 96:1-ஐப் பாருங்கள். டைல் 1-இன் மேல்விளிம்பில் இடமிருந்து வலமாக நடந்தால், டைல் 3-இன் இடது விளிம்பில் மேலிருந்து கீழாக இறங்குகிறோம். நான் கவனிக்காமல் தாண்டிப்போன இடம் இதுதான்.

இங்கே இருக்கும் 96 சூப்பர்கிரிட் எண், மாடல் செல் எண் 48. மாடலே வாசிக்கும்போது அதுவே பாதியாக்கிக்கொள்ளும். உங்கள் நிரலில் நீங்கள்தான் செய்யவேண்டும். செல் (ஐ, ஜே)-இன் நடுப்புள்ளி, சூப்பர்கிரிட்டில் (2ஐ, 2ஜே) என்ற இடத்தில் இருக்கும். அதன் கீழ் இடது மூலை (2ஐ−1, 2ஜே−1). உதாரணமாகச் சென்னை டைல் 2-இல் செல் (25, 31)-க்குள் விழும். கட்டக் கோப்பில் (50, 62)-ஐ வாசித்தால் கிழக்கு 81.0, வடக்கு 13.4 என்று வரவேண்டும். பைத்தானில் எண் பூஜ்யத்தில் தொடங்குவதாலும், ஜே முதலில் வருவதாலும், அது [61, 49]. இந்த ஒரு புள்ளியைச் சரிபார்த்துவிட்டு மேலே போங்கள். இது வராவிட்டால் பின்னால் எதுவும் வராது.

7. ஹேலோ நிரப்புதல்

டைலைச் சுற்றி அண்டை டைலின் மதிப்புகளை இரவல் வாங்கி வைக்கும் வரிசைகளுக்குத்தான் ஹேலோ என்று பெயர். சி48-இல் டைல் 1-க்கு:

கிழக்கே (49, 10) என்பது டைல் 2-இன் (1, 10).
தெற்கே (10, 0) என்பது டைல் 6-இன் (10, 48).
வடக்கே (10, 49) என்பது டைல் 3-இன் (1, 39). அடுத்த வரிசை (10, 50) என்பது (2, 39).
மேற்கே (0, 10) என்பது டைல் 5-இன் (39, 48).

39 எங்கிருந்து வந்தது? 49-இலிருந்து 10-ஐக் கழித்தது. எண் 1-இல் தொடங்கினால் 49−ஐ, பூஜ்யத்தில் தொடங்கினால் 47−ஐ. ஃபோர்ட்ரானில் இருந்து பைத்தானுக்கு மாற்றும்போது இதை மறந்தால் இரண்டு செல் தள்ளிப்போகும். அவ்வளவு சின்னத் தள்ளல் படத்தில் எளிதில் கண்ணுக்குத் தெரியாது.

இரட்டைப்படை டைல்களில் திரும்பும் பக்கங்கள் கிழக்கும் தெற்கும். டைல் 2-இன் கிழக்கே (49, 10) என்பது டைல் 4-இன் (39, 1). தெற்கே (10, 0) என்பது டைல் 6-இன் (48, 39).

8. காற்று

வெப்பநிலை, ஈரப்பதம் போன்றவற்றுக்கு மேலே சொன்னது போதும். காற்று என்றால் திரும்பிய விளிம்பில் யூ-வும் (ஐ திசைக் கூறு) வி-யும் (ஜே திசைக் கூறு) இடம் மாறும், ஒன்றுக்குக் குறியும் மாறும். ஒற்றைப்படை டைலின் வடக்கு, இரட்டைப்படை டைலின் தெற்கு: யூ-க்கு அண்டையின் வி-யை எதிர்க்குறியோடு, வி-க்கு அண்டையின் யூ-வை அப்படியே. ஒற்றைப்படை டைலின் மேற்கு, இரட்டைப்படை டைலின் கிழக்கு: யூ-க்கு அண்டையின் வி-யை அப்படியே, வி-க்கு அண்டையின் யூ-வை எதிர்க்குறியோடு.

இது செல் நடுவில் காற்று இருக்கும்போது. எஃப்வி3 ரீஸ்டார்ட் கோப்பில் (ஓட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடரச் சேமிப்பது) யூ-வும் வி-யும் செல் விளிம்புகளில் உட்கார்ந்திருக்கும், அங்கே யூ புள்ளி வி புள்ளியாக மாறுவதால் எண்ணிக்கையும் 48, 49 என்று மாறும். அதோடு டைல் விளிம்பைத் தாண்டும்போது கட்டக்கோடுகளே மடங்குகின்றன. இடம் மாற்றி வாங்கிய மதிப்பு அண்டையின் கோட்டுத் திசையில்தான் இருக்கும், உங்கள் கோட்டுத் திசையில் அல்ல. நீங்கள் மாடல் எழுதவில்லை, ஆய்வு மட்டும்தான் செய்கிறீர்கள் என்றால் என் யோசனை இது: காற்றை முப்பரிமாண எக்ஸ், ஒய், இசட் கூறுகளாக மாற்றிவிட்டு மூன்றையும் சாதாரண எண்களாகக் கடத்துங்கள். குறித் தொல்லையே இல்லை.

9. எட்டு மூலைகள்

கனசதுரத்தின் மூலையில் மூன்று டைல்கள்தான் சந்திக்கும். நான்காவது இல்லை. டைல் 1-இன் மேல் வலது மூலை, 2-இன் மேல் இடது மூலை, 3-இன் கீழ் இடது மூலை, மூன்றும் ஒரே புள்ளி. கிழக்கு 35, வடக்கு 35.26. சைப்பிரஸ் தீவுக்குக் கிழக்கே கடலில் விழுகிறது. அங்கே ஹேலோவின் மூலைச் செல் (49, 49)-க்கு உண்மையான சொந்தக்காரர் யாருமில்லை. அதில் பூஜ்யமோ குப்பையோ இருக்கும். உங்கள் கணக்கு மூலைவிட்டமாக அண்டையைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் மூலையை நீங்களே ஒரு விதிப்படி நிரப்பவேண்டும். எஃப்வி3 ஐ திசைக் கணக்குக்கு ஒருவிதமாகவும் ஜே திசைக் கணக்குக்கு வேறுவிதமாகவும் நிரப்பிக்கொள்கிறது.

10. சோதனை: அட்சரேகையை மட்டும் நம்பாதீர்கள்

என் மூன்று வாரம் போனது இங்கேதான். ஹேலோ நிரப்பும் நிரலை எழுதி, அட்சரேகையையே ஒரு புலமாக ஏற்றி, ஆறு டைல்களையும் வரைந்து பார்த்தேன். துருவ விளிம்புகளைத் துல்லியமாக எண் போட்டும் ஒப்பிட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் புகைத் திட்டை ஓடவிட்டபோது, டைல் 1-இன் பத்தாவது செல் பக்கமாக, அட்லாண்டிக் நடுவே மேற்கு 39 பாகையில் வடக்கே போன புகை, ஏட்ரியாட்டிக் கடலுக்கு மேல், கிழக்கு 19 பாகையில் வெளியே வந்தது.

காரணம் இதுதான். டைல் 1-இன் மேல்விளிம்பில் அட்சரேகை ஒரு முனையில் 35.26, நடுவில் 45, மறுமுனையில் மீண்டும் 35.26. நடுவைப் பொறுத்து இரண்டு பக்கமும் ஒன்றுபோல. அதனால் தலைகீழாக இணைத்தாலும் அட்சரேகை பொருந்திக்கொண்டே இருக்கும். திரும்பிய ஆறு விளிம்புகளில் நான்கு துருவ டைல்களைத் தொடுபவை. நான்கிலும் இந்தச் சோதனை பிழையைக் காட்டாது. வெறும் மாறிலியை ஏற்றிச் சோதித்தால் எதுவுமே காட்டாது.

தீர்க்கரேகையை ஏற்றினால் 0, 360 தகராறு வரும், துருவத்தில் அதற்குப் பொருளும் இல்லை. ஆகவே ஒவ்வொரு செல் நடுவையும் ஓரலகுக் கோளத்தின் எக்ஸ், ஒய், இசட் ஆக்கி, மூன்று புலங்களாக ஏற்றுங்கள். ஹேலோவை நிரப்பியபின், ஹேலோ செல்லின் இடத்துக்கும் அதை ஒட்டிய உள் செல்லின் இடத்துக்கும் தூரம் பாருங்கள். சி48-இல் எங்கேயும் அது ஒரு செல் அகலத்தைத் தாண்டக்கூடாது, அதாவது சுமார் 0.04. தலைகீழ் இணைப்பு இருந்தால் விளிம்பின் முனைகளில் ஒன்றுக்கும் மேலாக எகிறும். பன்னிரண்டு விளிம்பையும் இரண்டு பக்கத்திலிருந்தும், ஆக 24 முறை. ஓடி முடிக்க ஒரு விநாடிகூட ஆகாது.

கட்டக் கோப்புகளையே சந்தேகித்தால், மொசைக் வரி சொல்லும் விளிம்புப் புள்ளிகளை இரண்டு கோப்பிலிருந்தும் எடுத்து இதேபோல ஒப்பிடுங்கள். அங்கே வித்தியாசம் கிட்டத்தட்டப் பூஜ்யமாக இருக்கவேண்டும்.

11. மாடலை ஓட்டும்போது கொடுக்கவேண்டிய எண்கள்

எஃப்வி3-இன் அமைப்புக் கோப்பில் என்பிஎக்ஸ், என்பிஒய் என்று கேட்கும். அது செல்களின் எண்ணிக்கை அல்ல, மூலைகளின் எண்ணிக்கை. சி48-க்கு 49. லேஅவுட் 2,2 என்றால் ஒவ்வொரு டைலும் நான்காக வெட்டப்படும், மொத்தம் 24 புராசஸ் வேண்டும். கியூவில் 4 மட்டும் கேட்டு வேலையை அனுப்பிவிட்டு இரவு முழுக்கக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். எப்போதும் ஆறால் பெருக்குங்கள். 48-ஐ மிச்சமில்லாமல் வகுக்கும் எண்ணையே லேஅவுட்டுக்கு எடுங்கள். ஐஓ லேஅவுட்டை 1,1 என்றே வையுங்கள், டைலுக்கு ஒரு கோப்பு கிடைக்கும். மாற்றினால் துண்டுதுண்டாக வரும், பிறகு தனியாக ஒட்டவேண்டும்.

12. எம்ஐடி ஜிசிஎம்மில் இதே பட்டியல்

அங்கே பக்கங்களுக்கு எண்: வடக்கு 1, தெற்கு 2, கிழக்கு 3, மேற்கு 4. முதல் முகத்துக்கு 3.4, 6.1, 2.4, 5.1 என்று எழுதுவார்கள். வடக்கே மூன்றாம் முகத்தின் மேற்கு, தெற்கே ஆறாம் முகத்தின் வடக்கு, இப்படியே. மேலே ஐந்தாம் பகுதியில் இருக்கும் பட்டியலேதான். திசை திரும்புகிறதா என்று தனியாக எழுதுவதில்லை, தேவையும் இல்லை. எல்லா முகங்களிலும் ஐ-க்கு இடப்பக்கமாக ஜே இருப்பதால், எந்தப் பக்கம் எந்தப் பக்கத்தோடு சேர்கிறது என்றாலே திசை முடிவாகிவிடும். வடக்கும் தெற்கும், கிழக்கும் மேற்கும் சேர்ந்தால் நேர். வடக்கு மேற்கோடும் கிழக்கு தெற்கோடும் சேர்ந்தால் தலைகீழ். அண்டை இல்லாத பக்கத்துக்கு 0. அண்டார்டிகாவை விட்டுவிட்டு ஐந்தே முகங்கள் வைக்கும் எல்எல்சி கட்டங்களில் இந்தப் பூஜ்யங்களைப் பார்ப்பீர்கள்.

13. எடுத்து வைக்கவேண்டியவை

சோதனை தேறியதும் ஏழு கோப்புகளையும் ஒரே கோப்புறையில் போட்டு, படிக்க மட்டும் என்று அனுமதியைப் பூட்டிவிடுங்கள். எந்தக் கட்டளையால் செய்தது என்பது கோப்பின் ஹிஸ்டரி என்ற குறிப்பிலேயே பதிந்திருக்கும், அதை நகலெடுத்து ஒரு உரைக்கோப்பில் வையுங்கள். 10 பாகை நகர்வு மாறிய கட்டம் ஒன்று எப்போதாவது உங்கள் கைக்கு வரும். அப்போது சென்னை டைல் 2, செல் (25, 31)-இல் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். 24 விளிம்புச் சோதனை நிரலையும் அதே கோப்புறையில் வையுங்கள், கட்டத்தை அடுத்து வாங்குபவருக்கு அதையும் சேர்த்துக் கொடுங்கள்.